மூன்று நிமிடம் கையை எடுக்காதீர்கள்

வாசகர் கேள்விகள்: மருத்துவப் பக்கம்

சாலை விபத்து முதலுதவி பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ரத்தத்தைச் சட்டென்று நிறுத்த ஏதேதோ புதிதாக வந்திருக்கிறதாமே, அவை என்ன, நம் கைக்கு எட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் அறுவை மருத்துவராக நெடுங்காலம் இருந்தவள் நான். ரத்தம் நிற்காமல் பறிபோன உயிர்களையும், யாரோ ஒருவர் விடாமல் அழுத்திப் பிடித்ததால் பிழைத்தவர்களையும் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே.

கே: வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. குண்டடி பட்ட காயத்துக்குள் ஊசிக்குழாய் மாதிரி ஒன்றை நுழைத்து அழுத்துகிறார்கள், 20 வினாடியில் ரத்தம் நிற்கிறது. உண்மையா, கிராபிக்ஸா?
– கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

உண்மைதான் தம்பி. அதன் பெயர் எக்ஸ்ஸ்டாட். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ரெவ்மெட்எக்ஸ் என்ற நிறுவனம் செய்தது. பஞ்சரான டயருக்குள் நுரையைச் செலுத்தி ஓட்டையை அடைக்கும் டப்பா இருக்கிறதே, அதிலிருந்துதான் அவர்களுக்கு முதல் யோசனை பிறந்தது. ஆனால் காயத்தில் நுரை நிற்கவில்லை. பாய்ந்து வரும் ரத்தம் அதை வெளியே தள்ளிவிட்டது. பிறகுதான் பஞ்சுக்கு மாறினார்கள்.

ஒரு குழாயில் மாத்திரை அளவுக்கு அழுத்திய 92 செல்லுலோஸ் பஞ்சு வில்லைகள் இருக்கும். காயத்துக்குள் தள்ளியதும் ரத்தத்தை உறிஞ்சி, சுமார் 20 வினாடியில் உப்பிப் பெருத்து, உள்ளிருந்தே காயத்தின் சுவரை அழுத்தும். ஒரு குழாய் ஏறத்தாழ அரை லிட்டர் ரத்தத்தை வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு வில்லையிலும் எக்ஸ்-ரேயில் தெரிகிற மாதிரி ஒரு குறி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறியை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. பின்னால் ஆபரேஷன் தியேட்டரில் இவற்றை ஒன்று விடாமல் எடுக்க வேண்டிய மருத்துவரையும் முன்கூட்டியே நினைத்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014-இல் ராணுவத்துக்கும், 2015 டிசம்பரில் பொதுமக்கள் சிகிச்சைக்கும் இதை அனுமதித்தது. 4 மணி நேரம் வரை உள்ளே விடலாம். அதற்குள் அறுவை சிகிச்சைக்குப் போய்விட வேண்டும். தொடை இடுக்கு, அக்குள் போன்ற, பட்டை போட்டு இறுக்க முடியாத இடங்களில் உள்ள ஆழமான, குறுகிய காயங்களுக்காகவே இது உருவானது. நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்புக் குழி ஆகியவற்றுக்குள் செலுத்தக் கூடாது.

நமக்கு இது அவசரமாக வேண்டுமா என்று கேட்டால், இல்லை என்பேன். நான் பார்த்த காயங்கள் லாரியும் அரிவாளும் கதிரடிக்கும் இயந்திரமும் உண்டாக்கியவை. அவற்றுக்கு உதவக்கூடிய எளிய பொருள்கள் இருக்கின்றன. அடுத்த கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

கே: நான் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ரம்பமும் கிரைண்டரும் எந்நேரமும் ஓடும். முதலுதவிப் பெட்டியில் ரத்தம் உறையவைக்கும் பவுடர் வாங்கி வைக்கலாமா? பவுடர் நல்லதா, துணி நல்லதா?
– பட்டறை உரிமையாளர், செங்கோட்டை

உங்கள் கேள்வியைப் படித்ததும் மனம் நிறைந்தது ஐயா. வேலை கொடுப்பவர் எல்லோரும் இப்படி யோசித்தால் எத்தனையோ விரல்களும் கைகளும் மிஞ்சியிருக்கும்.

துணியே வாங்குங்கள். ஏன் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிராங்க் ஹர்சி என்ற பொறியாளர் சியோலைட் என்ற கனிமத்தோடு வேலை செய்துவந்தார். ஈரத்தை உறிஞ்சும் இந்தக் கனிமம் ரத்தத்தில் பட்டால் அதிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும், ரத்தத்தை உறையவைக்கும் பொருள்கள் அங்கேயே செறிந்து சீக்கிரம் கட்டியாகும் என்பதை 1980-களில் கண்டுகொண்டார். அவர் சொன்னதை நெடுநாள் யாரும் காதில் வாங்கவில்லை. 2002-இல்தான் குவிக்கிளாட் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு ஈராக் போருக்குப் போன வீரர்களின் பைகளில் அது இருந்தது.

ரத்தம் நின்றது. ஆனால் சியோலைட் நீரை உறிஞ்சும்போது கடும் சூடு கிளம்பும். காயத்துக்குள்ளேயே சதை வெந்தது. குருணையாக இருந்ததால் காற்று அடித்தால் பறந்தது, காயத்தைக் கழுவுவதும் பெரும்பாடு. பிறகு கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் கேலன் ஸ்டக்கியின் ஆய்வுக்குழு கயோலினுக்கு வந்து சேர்ந்தது. கயோலின் என்பது பீங்கான் செய்கிற வெள்ளைக் களிமண். அதில் சூடு கிளம்பாது. நம் ரத்தத்தில் உறைதலைத் தொடங்கிவைக்கும் 12-ஆம் காரணி என்ற புரதத்தை அதன் மேற்பரப்பு தட்டி எழுப்புகிறது. இந்தக் களிமண்ணைப் பூசிய, காயத்துக்குக் கட்டும் மெல்லிய காஸ் துணியைத்தான் 2008-இல் அமெரிக்கப் படையின் முதலுதவிக் குழு முதல் தேர்வாக ஏற்றுக்கொண்டது. அதே காலத்தில் வூண்ட்ஸ்டாட் என்ற வேறொரு களிமண் பொடியும் வந்தது. விலங்குச் சோதனைகளில் அது ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுத்து, உள்ளே ரத்தக்கட்டிகளை உண்டாக்குவது தெரிந்ததும் 2009-இல் விலக்கிவிட்டார்கள். பொடி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதெல்லாம்தான் காரணம்.

இன்னொரு வகை, இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான். இது நேர்மின்னூட்டம் கொண்டது. சிவப்பணுக்களின் மேற்புறம் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொண்டு பசை மாதிரி அடைப்பு உண்டாகிறது. ரத்தம் உறையவைக்கும் காரணிகளை இது எதிர்பார்ப்பதில்லை. இங்கிலாந்தின் செலாக்ஸ் இந்த வகை. நம் நாட்டிலேயே லியோ மவேலி தொடங்கிய ஆக்சியோ பயோசொல்யூஷன்ஸ் நிறுவனம் ஆக்சியோஸ்டாட் என்ற பெயரில் செய்கிறது. நாம் ஆய்ந்து எறிகிற இறால் ஓட்டில் இப்படி ஒரு பொருள் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தத் துணிகளில் எதை வாங்கினாலும், அழுத்தாவிட்டால் வேலை செய்யாது. அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காயத்தின் மேல் ஒரு துண்டு, அது நனைந்ததும் இன்னொரு துண்டு, அதன் மேல் ஒரு சேலை. மூட்டை மாதிரி சுற்றிக் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் பிரித்தால், அடியில் சின்னதாக ஒரு தமனி பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அத்தனை துணியும் ரத்தத்தை உறிஞ்சியதே தவிர, ஓட்டையை யாரும் அழுத்தவில்லை. அந்த இடத்தில் இரண்டு விரலை வைத்தால் நின்றுவிடும்.

ஆகவே உங்கள் ஆட்களுக்குச் செய்து காட்டுங்கள். கை, கால், தொடை இடுக்கு, அக்குளில் ஆழமான காயம் என்றால், துணியின் ஒரு முனையை ரத்தம் வருகிற இடத்துக்கே விரலால் கொண்டுபோய், காயம் நிறையும்வரை திணிக்க வேண்டும். அப்புறம் இரண்டு உள்ளங்கையையும் மேலே வைத்து, முழங்கையை மடக்காமல், உடம்பின் பாரத்தை இறக்க வேண்டும். மருந்து பூசிய துணி என்றால் குறைந்தது 3 நிமிடம், சாதாரண காஸ் அல்லது சுத்தமான வேட்டித்துணி என்றால் 10 நிமிடம். நடுவில் நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்கக் கூடாது. அப்போதுதான் பிடிக்கத் தொடங்கிய கட்டி பிய்ந்துவிடும். கடிகாரத்தைப் பார்க்க இன்னொருவரை வையுங்கள். பதற்றத்தில் 30 வினாடியே 3 நிமிடமாகத் தோன்றும். உள்ளே உளியோ ஆணியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அதைச் சுற்றி அழுத்துங்கள். துணி சுருட்டாக இல்லாமல், இசட் (Z) எழுத்து மாதிரி மாறி மாறி மடித்து வருவது நல்லது. ஒரு கையால் இழுக்க வரும்.

கையோ காலோ துண்டாகிவிட்டாலும், அழுத்தியும் பீய்ச்சுவது நிற்காவிட்டாலும் டூர்னிக்கெட் வேண்டும். இறுக்கும் பட்டையும் அதை முறுக்க ஒரு குச்சியும் சேர்ந்தது அது. இதைப் போட்டால் கால் அழுகிவிடும் என்று எங்கள் காலத்தில் மிரட்டி வைத்திருந்தார்கள். பாக்தாத்தில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் ஜான் கிராக் 2006-இல் சேகரித்த விவரங்கள் அந்தப் பயத்தை மாற்றின. ரத்தம் இழந்து, ரத்த அழுத்தம் விழுந்து, உடல் அதிர்ச்சி நிலைக்குப் போகும் முன்பே பட்டை போடப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அதிர்ச்சி நிலைக்குப் போன பிறகு போடப்பட்டவர்களில் பிழைத்தவர்கள் 10 சதவீதமே. காயத்துக்கு மேலே நாலு விரல் தள்ளி, மூட்டின் மேல் படாமல் போடுங்கள். ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். வலியில் கத்துவார், அதற்காகத் தளர்த்தாதீர்கள். போட்ட நேரத்தைப் பேனாவால் நெற்றியிலேயே எழுதிவிடுங்கள். 2 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டால் காலுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. சணல் கயிறும் கம்பியும் வேண்டவே வேண்டாம். அகலமான பட்டைதான் வேண்டும்.

பாம்புக்கடிக்கு மட்டும் இப்படி இறுக்கிக் கட்டாதீர்கள். அது வேறு விஷயம், அங்கே கட்டு தீமையே செய்யும்.

கே: காயம் பட்டதும் காப்பித்தூள் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் மாமியார் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிவார். நான் வேண்டாம் என்றால் சண்டை. யார் சொல்வது சரி?
– இல்லத்தரசி, உசிலம்பட்டி

அம்மா, உங்கள் மாமியாரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெட்டுக்காயப் பூண்டு, அதாவது கிணற்றடிப் பூண்டின் சாறு பற்றி ஆய்வுக்கூடங்களில் எத்தனையோ பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். வயலில் களை எடுக்கும்போது விரல் நுனி கீறினால் அந்த இலையைக் கசக்கி வைத்து அழுத்துவதில், அழுத்துகிற பாதியாவது நிச்சயம் நல்ல மருத்துவம். சவரக் கடையில் தேய்க்கும் படிகாரமும் அப்படித்தான். சின்னக் கீறலைச் சுருக்கி நிறுத்திவிடும்.

ஆனால் ஆழமான காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள், சர்க்கரை, சுண்ணாம்பு, புகையிலை எதுவும் போடாதீர்கள். பாயும் ரத்தத்தை அவை நிறுத்தாது. காயத்தின் ஆழம் எங்களுக்குத் தெரியாமல் மறைக்கும். தையல் போடுவதற்கு முன் ஒவ்வொரு துகளாகக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். குழந்தை துடிக்கத் துடிக்கக் காப்பித்தூளைத் தேய்த்துக் கழுவும்போது எங்களுக்கே நெஞ்சு வலிக்கும். மண்ணிலிருந்து பறித்த இலையில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம் என்பதையும் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கே: பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை என்று டாக்டர் ஏதோ சொட்டு மருந்து வைத்தார். பாம்பு விஷத்தில் செய்தது என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

விளையாட்டு இல்லை ஐயா. ஹீமோகோயாகுலேஸ் என்ற அந்த மருந்து தென் அமெரிக்க விரியன் ஒன்றின் விஷத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நொதி. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை நேரடியாக ஃபைப்ரின் நூலாக மாற்றிவிடும். அந்த நூல்தான் ரத்தக்கட்டியின் வலை. நச்சுப்பொருள்களை நீக்கி, மிக நுண்ணிய அளவில் தருவதால் பயம் வேண்டாம். பல் மருத்துவர்களிடம் இது பரவலாகப் புழங்குகிறது. ஆனால் பெரிய காயங்களுக்கு இதை நம்பி நேரத்தைப் போக்குவதை நான் ஏற்பதில்லை.

நம் கண்ணாடி விரியனுக்கும் இதில் பங்கு உண்டு. 1934-இல் இங்கிலாந்தில் மெக்ஃபார்லேன், பார்னெட் என்ற இரு மருத்துவர்கள் கண்ணாடி விரியன் விஷத்தை நன்றாக நீர்க்கச் செய்து, ரத்தம் உறையாத நோயாளிகளின் காயத்தில் தடவி ரத்தத்தை நிறுத்திக் காட்டினார்கள். உறைதலின் 10-ஆம் காரணியை அந்த விஷம் தூண்டிவிடும். அதே விஷம் கடிவாயில் ஏறினால் உடம்பில் இருக்கும் உறைதல் பொருள்களையெல்லாம் தூண்டித் தீர்த்துவிடுகிறது. பிறகு ரத்தம் உறைவதற்கு எதுவுமே மிஞ்சுவதில்லை. அதனால்தான் விரியன் கடித்தவருக்கு ஈறிலிருந்தும் சிறுநீரிலும் ரத்தம் போகிறது. கடிபட்டவர் வந்தால் இரண்டு மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்போம். இன்றும் அதைவிட எளிய, நம்பகமான சோதனை எங்களுக்கு வேறில்லை. மெக்ஃபார்லேன்தான் பிற்காலத்தில், 1964-இல், ரத்தம் உறையும் படிநிலைகளை ஒரு சங்கிலியாக விளக்கியவர்.

பல் பிடுங்கிய இடத்துக்கு நீங்கள் செய்ய வேண்டியது: பஞ்சை அரைமணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள், துப்பாதீர்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடிக்காதீர்கள்.

கே: என் தங்கைக்குப் பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஒரு ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். டிரானெக்ஸா என்று ஏதோ எழுதியிருந்தது. அது என்ன மருந்து?
– வாசகி, திருவண்ணாமலை

உங்கள் தங்கை நலமாக இருப்பது பெரிய நிம்மதி. அந்த மருந்து டிரானெக்ஸாமிக் அமிலம். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் என் மனதுக்கு மிக நெருங்கியது இதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் உதாகோ ஒகமோதோ என்ற ஜப்பானியப் பெண். கணவர் ஷோசுகேயும் விஞ்ஞானி. போர் முடிந்து நாடே நொடிந்து கிடந்த நேரத்தில், டோக்கியோவில் ஆய்வுக்கூடத்துக்குக் கையில் காசில்லை. விலை கொடுக்காமல் கிடைக்கும் பொருளை ஆராய்வோம் என்று ரத்தத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். போதவில்லை என்றால் தங்கள் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாமே! குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார் உதாகோ. பிரசவத்தில் ரத்தப்போக்கால் இறக்கும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அவர் குறிக்கோள். 1962-இல் அவர்கள் வெளியிட்ட மருந்து இது. ஏற்கெனவே கையில் இருந்த மருந்தைவிட 27 மடங்கு வீரியமானது.

உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் வேலையும் உடம்பிலேயே நடக்கிறது. பெரிய காயத்திலும் பிரசவத்திலும் அந்தக் கரைப்பு வேலை மிதமிஞ்சிப் போய்விடும். இந்த மருந்து கரைப்பை நிறுத்துகிறது. உண்டான கட்டி நிலைத்து நிற்கிறது.

ஆனால் பிரசவத்தில் சோதித்துப் பார்க்கும்படி அவர் மருத்துவர்களிடம் கேட்டபோது யாரும் முன்வரவில்லை. பல் பிடுங்கிய காயத்துக்கும் அதிக மாதவிடாய்க்கும் கொடுத்துக்கொண்டு அரை நூற்றாண்டு ஓட்டிவிட்டார்கள். 2010-இல் கிராஷ்-2 என்ற பெரும் ஆய்வு வந்தது. 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 விபத்து நோயாளிகள். இந்தியாவும் அதில் இருந்தது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் வரும் மரணம் குறைந்தது. 3 மணி நேரம் கடந்து கொடுத்தால் தீமை. அப்புறம் 2017-இல் வுமன் என்ற ஆய்வு, 21 நாடுகளில் 20,060 தாய்மார்கள். 3 மணி நேரத்துக்குள் ஊசி போடப்பட்டவர்களில் ரத்தப்போக்கு மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. உதாகோ அம்மையார் அதற்கு முந்தைய ஆண்டு, 98 வயதில் காலமாகிவிட்டார். அந்த முடிவை அவர் கையில் கொடுக்க முடியவில்லையே என்று எனக்கு ஆறாத வருத்தம்.

இந்த ஊசி மிக மலிவானது. எந்த மருந்துக் கடையிலும் இருக்கும். நவீனம் நவீனம் என்று கோடிகளைக் கொட்டிச் செய்யும் எத்தனையோ கருவிகள் ஒரு பக்கம் இருக்க, இந்தச் சின்னக் குப்பி காப்பாற்றிய உயிர்கள் அதிகம் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் பத்து சதவீதம் குறைகிறது என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஆகவே கொடுப்பதை விட எப்போது கொடுக்கிறோம் என்பதே பெரிது.

பிரசவ ரத்தப்போக்கில் இன்னும் சில நல்ல முன்னேற்றங்கள் உண்டு. வங்கதேசத்தில் டாக்டர் சாயிபா அக்தர், விலை உயர்ந்த கருப்பை பலூன் தன் மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகாததால், சிறுநீர்க் குழாயின் முனையில் ஆணுறையைக் கட்டி உப்புநீர் நிரப்பி, கருப்பைக்குள் இருந்தே அழுத்தம் கொடுத்தார். இன்று பல ஏழை நாடுகளில் அது வழக்கம். காலிலிருந்து வயிறு வரை இறுக்கிச் சுற்றி, ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் திருப்பிவிடும் அதிர்ச்சி தடுப்பு ஆடை நம் மாநிலத்திலும் புழக்கத்தில் இருக்கிறது. பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை அது நேரம் வாங்கித் தரும்.

2023-இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. கென்யா, நைஜீரியா, தென் ஆப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் செய்தார்கள். பிரசவித்த தாயின் கீழே அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, எவ்வளவு ரத்தம் போகிறது என்று அளந்தார்கள். கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைவாகவே சொல்வோம். அளவு தெரிந்ததும் கருப்பையைத் தேய்ப்பது, கருப்பை சுருங்க மருந்து, டிரானெக்ஸாமிக் ஊசி, டிரிப் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் கொடுத்தார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் அறுவையும் மரணமும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. ஒரு பிளாஸ்டிக் பையும், சொல்லி வைத்த ஒழுங்கும் செய்த வேலை இது.

கே: அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி, அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். சவரம் செய்து கீறினால்கூட ரத்தம் வெகுநேரம் வருகிறது. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தலாமா?
– வாசகர், நாகர்கோவில்

நிறுத்தாதீர்கள். ரத்தம் எளிதில் உறையாமல் வைத்திருப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. செயற்கை வால்வில் ரத்தக்கட்டி உண்டானால் பக்கவாதம் வரும். இந்தக் கீறல் அதோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து, மாத்திரை அளவை அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். வீட்டில் கைட்டோசான் துணி ஒன்று வாங்கி வையுங்கள். அது உறைதல் காரணிகளை நம்பி இல்லாததால் இவர் போன்றவர்களுக்கும் பலன் தரும். மின்சார ரேசருக்கு மாறுவது அதைவிட நல்லது. தலையில் அடிபட்டால் மட்டும் வெளியே ரத்தம் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், உடனே அழைத்துப் போங்கள்.

கே: என் மகனுக்கு ஹீமோபிலியா. வயது ஏழு. விளையாடப் போனாலே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். இந்தப் புதிய கண்டுபிடிப்புகளில் அவனுக்கு ஏதாவது இருக்கிறதா?
– ஒரு தாய், சேலம்

இருக்கிறது அம்மா. இருபது வருடத்துக்கு முன் உங்களைப் போன்ற தாய்மாருக்கு நான் சொல்ல முடியாத பதில்களை இப்போது சொல்ல முடிகிறது.

ரத்தம் உறையத் தேவையான 8-ஆம் காரணி பிறவியிலேயே குறைந்திருப்பதுதான் பெரும்பாலான ஹீமோபிலியா. அந்தக் காரணியை ஊசியாகக் கொடுப்பது பழைய முறை. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள், பதிவு செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்து எமிசிசுமாப். 8-ஆம் காரணி செய்ய வேண்டிய இணைப்பு வேலையை அதற்குப் பதிலாகச் செய்யும் மருந்து. ரத்தநாளம் தேட வேண்டாம், தோலுக்கு அடியில் வாரம் ஒருமுறையோ, மாதம் ஒருமுறையோ போடலாம். குழந்தைகளுக்கு அதுவே பெரிய விடுதலை. அவனுக்குப் பொருந்துமா என்று ரத்தநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

மூன்றாவது செய்தி வேலூரிலிருந்து. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, கடுமையான ஹீமோபிலியா உள்ள 5 பேரின் ரத்த மூலசெல்களை எடுத்து, 8-ஆம் காரணிக்கான மரபணுவை அவற்றில் சேர்த்து, திரும்ப உடம்பில் செலுத்தியது. கண்காணித்த காலத்தில் அவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்படவில்லை. 2024 டிசம்பரில் இது உலகின் முதன்மையான மருத்துவ இதழில் வெளியானது. அவர்கள் ஐவரும் பெரியவர்கள். சிகிச்சைக்கு முன் கடும் கீமோதெரபி உண்டு. ஆகவே ஏழு வயதுக்காரனுக்கு இன்றே என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வளர்ந்து வரும்போது இது எங்கே நிற்கும் என்று நினைத்தால் நம்பிக்கையாக இருக்கிறது.

அதுவரை ஆஸ்பிரின் வேண்டாம், தசையில் ஊசி வேண்டாம். பள்ளி ஆசிரியர்களிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள். நீந்தக் கற்றுக்கொடுங்கள், மூட்டைச் சுற்றியுள்ள தசை வலுவாகும்.

கே: ஃபெவிக்விக் போட்டுக் காயத்தை ஒட்டுகிறார்களே, மருத்துவமனையிலும் பசைதானே போடுகிறார்கள்?
– ஆட்டோ ஓட்டுநர், மதுரை

இரண்டும் சயனோஅக்ரிலேட் குடும்பம்தான். ஆனால் மருத்துவப் பசையின் மூலக்கூறு வேறு, சுத்தம் செய்யப்பட்டது. கடைப் பசை சூடாகித் தோலைப் புண்ணாக்கும், உள்ளே அழுக்கையும் அடைத்துவிடும். மருத்துவப் பசையும் ரத்தம் நின்ற பிறகு, நேரான கீறலின் விளிம்புகளைச் சேர்க்கத்தான்.

ஈரத்திலும் ரத்தத்திலும் ஒட்டுகிற பசைக்கு இப்போது தேடல் நடக்கிறது. கடற்பாறையில் ஒட்டிக்கொள்ளும் பார்னகிள் உயிரிகளைப் பார்த்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2021-இல் ஒரு பசை செய்தார்கள். அழுத்திப் பிடித்தால் 15 முதல் 30 வினாடிக்குள் பன்றியின் ஈரல் காயத்தை ரத்தத்தோடேயே அடைத்தது. நியூயார்க்கில் ஜோ லேண்டோலினா 17 வயதில் தொடங்கிய பாசிக் கூழ் முதலில் கால்நடை மருத்துவர்களிடம் போய், 2024 ஆகஸ்டில் டிராமாஜெல் என்ற பெயரில் மனிதர்களின் பெருங்காயத்துக்கும் அனுமதி பெற்றுவிட்டது.

கே: விபத்தில் கிடப்பவரைத் தொட்டால் போலீஸ் கேஸாகிவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். சென்ற மாதம் உளுந்தூர்ப்பேட்டை அருகே ஒருவர் தொடையிலிருந்து ரத்தம் ஓடிக்கொண்டிருக்க, சுற்றி நின்றவர்கள் படம் எடுத்தார்கள். நானும் தொடவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?
– தனியார் நிறுவன ஊழியர், விழுப்புரம்

உங்களைத் தடுத்த பயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவே சேர்த்துவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில், கிரிமினல் எந்த வழக்கும் இல்லை. பெயரைச் சொல்லும்படி காவல்துறையோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த முடியாது. செலவைப் பற்றியும் தயங்க வேண்டாம். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம்.

தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். எவ்வளவு வேகமான ஆம்புலன்ஸும் அதற்குள் வராது. உங்கள் துண்டைச் சுருட்டிக் காயத்தில் திணித்து, முழங்காலைக்கூட அதன் மேல் வைத்து அழுத்தலாம். கையில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டால் உங்களுக்கும் பாதுகாப்பு. படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கை நீட்டிக் காட்டி, ‘நீங்க 108-க்குப் போடுங்க’ என்று சொல்லுங்கள். பொதுவாகக் கத்தினால் யாரும் போட மாட்டார்கள். யாரும் இல்லை என்றால் நீங்களே போட்டு, போனை ஸ்பீக்கரில் தரையில் வையுங்கள். கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், சென்னை போகும் பக்கமா திருச்சி போகும் பக்கமா, தொடையில் ரத்தம் பீய்ச்சுகிறது என்பதைச் சொல்லுங்கள். ஆட்கள் வந்ததும் கையை எடுக்காதீர்கள். ‘இப்போது எடுக்கலாம்’ என்று அவர்கள் சொன்ன பிறகு எடுங்கள்.